சுற்றும் படம் ஏன் ஆடுகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஒரு மே மாத வெயிலில் சீலிங் ஃபேன் விளம்பரம் ஒன்று வந்தது. பத்தே வினாடி. கடைக்காரர் பின்னணி நீக்கிய பிஎன்ஜி படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "இது சுத்தணும் தம்பி, அவ்வளவுதான்" என்றார். சாலிகிராமத்தில் எங்கள் எடிட்டிங் அறையில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன் அதை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைபட மென்பொருளில் போட்டு, ஆங்க்கர் பாயிண்ட்டை, அதாவது படம் எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புமோ அதை, நடுவில் வைக்கும் குறுக்கு விசையையும் அழுத்தி, சுழற்சிக்கு இரண்டு கீஃபிரேம் (இந்த நேரத்தில் இந்த மதிப்பு என்று வைக்கும் குறி) போட்டான். ஃபேன் சுற்றியது. ஆனால் கொக்கியிலிருந்து கழன்று விழப்போகிற மாதிரி சுற்றியது. பார்த்த கடைக்காரர் கேட்டார்: "இதப் பாத்தா எவன் வாங்குவான்?"

பையன் ஒரு மணி நேரம் கீஃபிரேம்களோடு மல்லுக்கட்டினான். கோளாறு கீஃபிரேமில் இல்லவே இல்லை. அதற்கப்புறம் இதே மாதிரி வந்த கேள்விகளையெல்லாம் சேர்த்து, திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்துக் காரணத்தைப் பிடிக்கிற மாதிரி எழுதி வைத்தேன். நான் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் வேலை செய்கிறவன், அதனால் விசைகளும் பெயர்களும் அதிலிருந்தே வரும். பிளெண்டரிலோ வேறெதிலோ வேலை செய்தாலும் காரணங்கள் இவைதான்.

முதலில் கையால் சுற்றிப் பாருங்கள்

கீஃபிரேம் போடுவதற்கு முன் ஒரு சோதனை. சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்தைச் சுற்றவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் சாக்பீஸை அசையாமல் பிடிப்பார். எந்த இடத்தில் கோடு விழுகிறதோ அங்கே கோட்டம். நமக்கு சாக்பீஸ் என்பது ரூலரிலிருந்து இழுத்துவிடும் கைடு கோடு.

திரைக் காட்சியை மட்டும் 400 சதவீதம் பெரிதாக்கி, நடுக்குடத்தின் (இறக்கைகள் வந்து சேரும் நடுப்பகுதி) இடது விளிம்பைத் தொடுகிற மாதிரி ஒரு நெட்டுக் கோடு வையுங்கள். ஆர் விசையை அழுத்திச் சுழற்சியை 180 என்று மாற்றுங்கள். விளிம்பு மறுபடியும் அதே கோட்டைத் தொட்டால் மையம் சரி. கோட்டைவிட்டு வலப்பக்கம் 6 பிக்சல் தள்ளி நின்றால், பிழை 3 பிக்சல்தான். அரைச் சுற்றில் அது இரட்டிப்பாகத் தெரியும். சுழற்சியைத் திரும்ப 0 ஆக்கிவிட்டு, விளிம்பு நகர்ந்த திசைக்கு எதிர்ப்பக்கம், நகர்ந்ததில் பாதி அளவு ஆங்க்கர் பாயிண்ட்டைத் தள்ளுங்கள். இந்தக் கணக்கில் இடப்பக்கம் 3 பிக்சல். பிறகு மேல் விளிம்புக்கு ஒரு படுக்கைக் கோடு வைத்து இதையே இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் ரெண்டர் (வீடியோ கோப்பாக வெளியே எடுப்பது) போட்டுவிட்டு ஒரு மணி நேரம் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

இன்னொன்று: ஆங்க்கர் பாயிண்ட்டை நகர்த்த ஒய் விசையில் வரும் கருவியைப் பயன்படுத்துங்கள். அதில் இழுத்தால் படம் இருந்த இடத்திலேயே இருக்கும், மையம் மட்டும் நகரும். எண்ணை நேரடியாக மாற்றினால் படமே எதிர்ப்பக்கம் நகர்ந்துவிடும். ஆனால் படத்தின் இடத்துக்கு (பொசிஷனுக்கு) ஏற்கெனவே கீஃபிரேம் இருந்தால் ஒய் கருவி அந்த நொடியில் புதிதாக ஒரு கீஃபிரேமைப் போட்டுவிடும். அப்புறம் படம் சம்பந்தமில்லாமல் அலையும். மையத்தை முடிவு செய்த பிறகே மற்ற எல்லாம்.

படம் தன் இடத்தில் சுற்றாமல் எதையோ சுற்றி வருகிறது

நிலா பூமியைச் சுற்றுகிற மாதிரி, படம் பெரிய வட்டமடித்து வருகிறதா? ஆங்க்கர் பாயிண்ட் படத்துக்கு வெளியே எங்கோ கிடக்கிறது. பெரும்பாலும் இறக்குமதி செய்யும்போதே நடந்த தவறு இது. ஃபோட்டோஷாப் கோப்பை வெறும் காம்பொசிஷனாக (சுருக்கமாகக் காம்ப், லேயர்களை வைத்து வேலை செய்யும் மேடை) இறக்கினால், ஒவ்வொரு லேயரும், அதாவது படத்தின் ஒவ்வொரு அடுக்கும், முழுக் கோப்பின் அளவை எடுத்துக்கொள்ளும். கோப்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு பூ இருந்தாலும் அதன் ஆங்க்கர் பாயிண்ட் கோப்பின் நடுவில்தான் இருக்கும். லேயர்களின் சொந்த அளவை வைத்துக்கொள்ளும் இன்னொரு வகைக் காம்பொசிஷனைத் தேர்ந்தெடுத்து இறக்கினால், பூவின் மையம் பூவோடு வரும். இல்லஸ்ட்ரேட்டர் கோப்புக்கும் இதே இரண்டு வாய்ப்புகள் உண்டு.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குள்ளேயே வரைந்த ஷேப் லேயரிலும் இது வரும். வழக்கமான அமைப்பில் அதன் மையம் காம்ப்பின் நடுவில் உட்கார்ந்திருக்கும். கண்ட்ரோல், ஆல்ட், ஹோம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சரியாகிவிடும். மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், ஹோம்.

மையம் நடுவில்தான் இருக்கிறது, இருந்தும் தள்ளாடுகிறது

ஃபேன் கதை இதுதான். மூன்று இறக்கை ஃபேனை, ஒரு இறக்கை நேர் மேலே இருக்கிற மாதிரி நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு இறக்கை நுனியும் மையத்திலிருந்து 400 பிக்சல் தூரம் என்று வைத்துக்கொள்வோம். மேல் இறக்கை 400 பிக்சல் உயரம் போகும். மற்ற இரண்டும் சாய்வாகக் கீழே இறங்குவதால் நுனிகள் 200 பிக்சல் ஆழம்தான் தொடும். ஆக, படத்தை ஒட்ட வெட்டினால் சட்டத்தின் உயரம் 600. அதன் நடு, மேலிருந்து 300. ஃபேனின் குடமோ மேலிருந்து 400. மென்பொருள் நடு என்று சொல்லும் இடத்துக்கும் உண்மையான அச்சுக்கும் 100 பிக்சல் வித்தியாசம்! குறுக்கு விசை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அது தேடுவது சட்டத்தின் நடுவை. அச்சு எங்கே என்று அதற்குத் தெரியாது.

நாலு இறக்கை, ஆறு இதழ், எட்டு ஆரக்கால் என்று இரட்டைப்படையில் சீராக வரும் படங்களில் இந்தத் தொல்லை இல்லை. மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் வந்தால் எப்போதும் சந்தேகப்படுங்கள். மெரினாவில் விற்கும் காகிதக் காற்றாடியைக் குச்சியோடு சேர்த்து வெட்டினாலும் இதே கதிதான். குச்சியின் நீளமெல்லாம் கணக்கில் சேர்ந்து மையம் கீழே இறங்கிவிடும். குச்சி தனி லேயர், காற்றாடி தனி லேயர் என்று பிரித்துவிடுங்கள்.

இரட்டைப்படையாக இருந்தும் ஆடினால் நிழலைத் தேடுங்கள். படத்தோடு ஒட்டிய மெல்லிய நிழல் வலப்பக்கம் 40 பிக்சல் நீண்டிருந்தால், மையம் 20 பிக்சல் வலப்பக்கம் போயிருக்கும். கறுப்புப் பின்னணியில் அது கண்ணுக்கே தெரியாது. கீழே பளீரென்று ஒரு பச்சை நிறத்தைப் போட்டுப் பாருங்கள், மாட்டிக்கொள்ளும். வெட்டியவர் ஒரு பக்கம் அதிகமாக விட்டுவைத்த காலி இடமும் இதையே செய்யும்.

தீர்வு இரண்டு. ஒன்று, மேலே சொன்ன சாக்பீஸ் சோதனையோடு ஒய் கருவியால் ஆங்க்கர் பாயிண்ட்டைக் குடத்தின் நடுவில் கொண்டுபோய் வைப்பது. மூன்று இறக்கை ஃபேனில் 180 டிகிரி சுற்றினால் இறக்கைகள் பழைய இடத்தில் வந்து உட்காராது, அதனால் குடத்தை மட்டும் பாருங்கள்.

இரண்டாவதைத்தான் நான் அதிகம் சொல்வேன்: படத்தையே சரிசெய்துவிடுவது. ஃபோட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ சதுரமான காலி கேன்வாஸ் ஒன்றை எடுத்து, குடம் அச்சாக நடுவில் வருகிற மாதிரி படத்தை நகர்த்தி வைத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜியாகச் சேமித்துவிடுங்கள். 400 பிக்சல் இறக்கைக்கு 820 சதுரம் போதும், குடம் 410க்கு 410ல். இந்தக் கோப்பை எங்கே போட்டாலும் ஒழுங்காகச் சுற்றும். பவர்பாயிண்ட்டில்கூட, அங்கே ஸ்பின் போட்டால் சட்டத்தின் நடுவை வைத்துத்தான் சுற்றும் என்பதால், காலி இடம் நமக்கு வேலை செய்கிறது. ஃபைலை நாளைக்கு வேறு யாராவது எடுத்து ஓட்டினாலும் நமக்கு ஃபோன் வராது.

வட்டம் சுற்றும்போது முட்டையாகிறது

இங்கே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் பாதி வேலை முடிந்தது. முட்டையின் நீண்ட பக்கம் படத்தோடு சேர்ந்து சுற்றுகிறதா? அல்லது முட்டை அப்படியே நிற்க, உள்ளே கோலம் மட்டும் சுற்றுகிறதா?

முட்டையும் சேர்ந்து சுற்றினால் கோளாறு படத்தில் இருக்கிறது. யாரோ மூலையைப் பிடிப்பதற்குப் பதிலாகப் பக்கத்தைப் பிடித்து இழுத்திருப்பார்கள், அல்லது புகைப்படமே சாய்வாக எடுத்ததாக இருக்கும். மயிலாப்பூர் தேர்ச் சக்கரத்தைத் தெருவில் நின்று எடுத்தால் நேர்முகமாக எங்கே கிடைக்கிறது? இன்னொரு காரணம் வேடிக்கையானது. படத்தின் அளவு தற்செயலாக 720க்கு 576 ஆக இருந்துவிட்டால், இது பழைய பிஏஎல் டிவி காட்சி என்று மென்பொருள் தானாக முடிவு செய்து பிக்சல்களை அகலமாக்கிவிடும். கண்ட்ரோல், ஆல்ட், ஜி அழுத்தி, பிக்சல் விகிதத்தைச் சதுரம் என்று மாற்றுங்கள்.

முட்டை நின்ற இடத்தில் நின்றால் கோளாறு காம்ப்பிலோ திரையிலோ. கல்யாண மண்டபத்து எல்இடி சுவரில் இது அடிக்கடி வரும். 12 அடிக்கு 8 அடி சுவரில் 16க்கு 9 வீடியோவை இழுத்து நிரப்பினால் எல்லா வட்டமும் மேலும் கீழும் நீண்டுவிடும். மணமக்களும் ஒல்லியாகத் தெரிவார்கள், அதற்கு யாரும் புகார் சொல்வதில்லை. சுற்றும் மண்டலா (வட்டக் கோலம்) மட்டும் ஆடினால் கண்டுபிடித்துவிடுவார்கள். வேலையைத் தொடங்கும் முன்பே சுவர் எத்தனைக்கு எத்தனை பிக்சல் என்று எல்இடிக்காரரிடம் கேட்டு, அந்த அளவிலேயே காம்ப் வையுங்கள்.

சாய்வாகத் தெரியும் சக்கரத்தைச் சாய்வாகவே சுற்ற வைக்க வேண்டுமா? அதற்கும் வழி இருக்கிறது. சக்கரம் 600 அகலம், 480 உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட பக்கம் படுக்கையாக இருக்கும்படி வைத்து, அதே லேயரில் உயரத்தை மட்டும் 125 சதவீதமாக்குங்கள். இப்போது முழு வட்டம். ஒரு நல் ஆப்ஜெக்ட்டை (கண்ணுக்குத் தெரியாத வெற்று லேயர்) சக்கரத்தின் மையத்தில் வைத்து, அதைச் சக்கரத்துக்குப் பேரண்ட்டாக்கி (அதன் மாற்றம் சக்கரத்துக்கும் வரும்படி இணைத்து), நல்லின் உயரத்தை 80 சதவீதமாக்குங்கள். சுழற்சியைச் சக்கர லேயரில் போடுங்கள். ஒரே லேயருக்குள் அளவு மாற்றம் முதலில், சுழற்சி அடுத்து நடக்கும். பேரண்ட்டின் அளவு மாற்றம் அதற்கும் பிறகு வந்து சேரும். அதனால் முழு வட்டம் சுற்றி முடித்த பின்பே நசுங்குகிறது, தட்டு சாய்ந்து சுற்றுகிற மாதிரி தெரியும். மிகவும் பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் முன்பக்கம் பெரிதாக இருக்கும். அதற்கு இந்த வைத்தியம் பலிக்காது, வேறு படம் கேளுங்கள்.

மூலைகள் வெட்டுப்படுகின்றன

1000 பிக்சல் சதுரத்தை 45 டிகிரி திருப்பினால் அதற்கு 1414 பிக்சல் இடம் வேண்டும். படத்தை அதே 1000 அளவு ப்ரீகாம்ப்புக்குள் (ஒரு காம்ப்புக்குள் லேயராக வைக்கும் இன்னொரு காம்ப்) சுற்றினால் மூலை போய்விடும். ப்ரீகாம்ப்பைப் பெரிதாக்குங்கள், அல்லது லேயரில் சூரியன் மாதிரி இருக்கும் பொத்தானை அழுத்துங்கள். வட்டமான படத்தைச் சுற்றி வெள்ளைச் சதுரம் சுற்றினால் அது ஜேபெக் கோப்பு. ஒளிபுகும் பின்னணியை வைத்துக்கொள்ள அந்த வகைக்குத் தெரியாது. பிஎன்ஜி கேளுங்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல்

ஒழுங்காகச் சுற்றிவந்து, ஒரே இடத்தில் மட்டும் ஒரு கணம் தயங்குகிறதா? 0 டிகிரியும் 360 டிகிரியும் ஒரே படம். வினாடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வீதம் 2 வினாடியில் ஒரு சுற்று என்றால், முதல் கீஃபிரேம் 0ஆம் ஃபிரேமில், அடுத்தது 50ஆம் ஃபிரேமில். ரெண்டர் 49ஆம் ஃபிரேமோடு முடிய வேண்டும். 50ஐயும் சேர்த்துவிட்டால், வீடியோ லூப்பாகத் திரும்ப ஓடும்போது ஒரே படம் அடுத்தடுத்து இரண்டு முறை வந்து விக்கும்.

தயக்கம் நீளமாக, மெல்ல நின்று மெல்லக் கிளம்புகிற மாதிரி இருந்தால் கீஃபிரேமில் ஈசி ஈஸ் இருக்கிறது. அதைப் போடும் எஃப்9 விசையை அழுத்திப் பழகிய கை சும்மா இருக்காது. கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கீஃபிரேமைச் சொடுக்கினால் பழையபடி நேர்கோட்டு வேகத்துக்கு வந்துவிடும். ஓயாமல் சுற்ற வேண்டிய படத்துக்கு நான் கீஃபிரேமே போடுவதில்லை. சுழற்சியின் எக்ஸ்பிரஷனில் (மதிப்பைத் தானாகக் கணக்கிடும் சின்ன வரி) டைம் என்ற ஆங்கிலச் சொல், நட்சத்திரக் குறி, 90 என்று எழுதினால் வினாடிக்கு 90 டிகிரி, முடிவே கிடையாது.

முழுச் சுற்றுப் போகாமல் திரும்பி வருகிறது

350லிருந்து 10க்குப் போகச் சொன்னால் 340 டிகிரி பின்னால் வரும். முன்னால் போக, இரண்டாவது கீஃபிரேமில் ஒரு சுற்றும் 10 டிகிரியும் என்று கொடுங்கள். முப்பரிமாண லேயரில் ஓரியண்டேஷன் என்று தனியாக ஒன்று இருக்கும், அதை இதற்குத் தொடாதீர்கள். அது எப்போதும் குறுக்கு வழிதான் போகும்.

பின்னோக்கிச் சுற்றுகிறது, அல்லது நிற்கிறது

ஆகஸ்ட் 15 வீடியோக்களில் வருடா வருடம் வரும் சந்தேகம். அசோகச் சக்கரத்துக்கு 24 ஆரக்கால்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 15 டிகிரி. வினாடிக்கு ஒரு சுற்று என்று வைத்து 25 ஃபிரேமில் ஓட்டினால் ஒரு ஃபிரேமுக்கு 14.4 டிகிரி நகரும். ஒவ்வொரு ஆரக்காலும் முன்னதன் பழைய இடத்துக்கு 0.6 டிகிரி குறைவாக வந்து நிற்கும். ஆரக்கால்கள் எல்லாம் ஒரே மாதிரி, கண்ணுக்கு வேறு துப்பும் இல்லை. அதனால் சக்கரம் மெல்லப் பின்னால் போகிறது என்று எடுத்துக்கொள்ளும். அதையே 24 ஃபிரேமில் ஓட்டினால் சரியாக 15 டிகிரி, சக்கரம் நின்றேவிடும்! கம்ப்யூட்டரை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தாலும் இது போகாது.

ஒரு ஃபிரேமில் நகர்வது, இரண்டு ஆரக்கால் இடைவெளியின் பாதிக்குள் இருக்க வேண்டும். இங்கே 7.5 டிகிரி. அதைத் தாண்டாமல், 3 வினாடிக்கு ஒரு சுற்று என்று வைத்தால் 25 ஃபிரேமில் ஃபிரேமுக்கு 4.8 டிகிரி, பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். இதே கணக்கில் ஒரு லாபமும் உண்டு: 24ம் அச்சாக ஒரே மாதிரி இருந்தால் முழுச் சுற்றையும் ரெண்டர் செய்ய வேண்டாம். 15 டிகிரி மட்டும் சுற்றி லூப் போட்டால் போதும், கோப்பு சின்னதாகிவிடும்.

விட்டுவிட்டு நகர்கிறது

இது எங்கே தெரிகிறது என்று முதலில் பாருங்கள். ப்ரிவியூவில் மட்டும் என்றால் கம்ப்யூட்டர் திணறுகிறது. ஃபோனில் எடுத்த 4000 பிக்சல் படத்தை 1080 காம்ப்பில் சுருக்கிப் போட்டிருப்பீர்கள். வேண்டிய அளவுக்கு வெளியிலேயே குறைத்துக்கொண்டு வாருங்கள். ரெண்டர் செய்த கோப்பு ஃபோனில் மட்டும் குதித்தால் ஃபிரேம் கணக்கு. 60 ஹெர்ட்ஸ் திரையில் 25 ஃபிரேம் சமமாக உட்காராது. சில ஃபிரேம் இரண்டு தடவை, சில ஃபிரேம் மூன்று தடவை என்று சீரில்லாமல் தங்கும். வேறு அசைவுகளில் இது மறைந்துவிடும், ஒரே வேகத்தில் சுற்றும் படத்தில் மறையாது. டிவிக்கு 25, ஃபோனுக்கு 30. ஜிஃப் கோப்பு என்றால் நேர்மாறு: அதில் காலத்தை நூறில் ஒரு வினாடியாகத்தான் சொல்ல முடியும், 30 ஃபிரேம் அதில் சரியாக அடங்காது, 25 அடங்கும்.

எல்லா இடத்திலும் குதித்தால் விளிம்பின் வேகத்தைக் கணக்கிடுங்கள். 1000 பிக்சல் விட்டமுள்ள சக்கரம் 25 ஃபிரேம் வீடியோவில் 2 வினாடிக்கு ஒரு சுற்று என்றால் அதன் விளிம்பு ஃபிரேமுக்கு 63 பிக்சல் தாவுகிறது. கண் அதை ஒட்ட வைக்காது. மோஷன் பிளரை (அசைவுக்கேற்ற மங்கல்) போடுங்கள், லேயரிலும் காம்ப்பிலும் இரண்டு இடத்திலும்.

ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் திருப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: திருப்பிய படத்தையே மறுபடி திருப்பாதீர்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கும். எப்போதும் மூலப் படத்திலிருந்து 5, 10, 15 என்று திருப்புங்கள்.

சக்கரம் சுற்றுகிறது, ஆனால் ஆட்டோ வழுக்குகிறது

மஞ்சள் ஆட்டோ திரையைக் கடக்கிறது. சக்கரமும் ஒழுங்காகச் சுற்றுகிறது. இருந்தும் மழைத் தண்ணீரில் சறுக்கிப் போகிற மாதிரி இருக்கிறதா? வண்டி போன தூரமும் சக்கரம் உருண்ட தூரமும் பொருந்தவில்லை. சக்கரத்தின் விட்டம் 200 பிக்சல் என்றால் ஒரு சுற்றுக்கு வண்டி 628 பிக்சல் போக வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சக்கரங்களுக்கு வண்டியைப் பேரண்ட்டாக்கிவிட்டு, வண்டியின் கிடைமட்ட இடத்தை 628ஆல் வகுத்து 360ஆல் பெருக்கும் எக்ஸ்பிரஷனைச் சக்கரச் சுழற்சியில் எழுதுங்கள். அப்புறம் வண்டி பிரேக் போட்டாலும், ரிவர்ஸ் வந்தாலும் சக்கரம் கூடவே வரும்.

எல்லாம் சரி, ஆனாலும் பொய்யாகத் தெரிகிறது

பளபளப்பு சுற்றுகிறதா என்று பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் ஃபேனின் குடத்தில் மேல் இடப்பக்கம் மின்னுகிறது. ஃபேன் திரும்பும்போது அந்த மினுக்கமும் கீழே போய் மேலே வந்தால் மூளை நம்பாது. கடைக்காரர் விளம்பரத்தில் கடைசியாக மாட்டிக்கொண்டது இதுதான். குடத்தைத் தனி லேயராக வெட்டி, சுற்றாமல் மேலே வைத்துவிட்டோம். அது வழவழப்பான உருண்டை, சுற்றாதது யாருக்கும் தெரியவில்லை. நிழலுக்கும் இதே கவனம் வேண்டும். எஃபெக்ட்டாகப் போட்ட டிராப் ஷேடோ, சுழற்சிக்கு முன்பே கணக்கில் வந்துவிடுவதால் படத்தோடு சுற்றும். லேயர் ஸ்டைலாகப் போட்டால் சுழற்சிக்குப் பிறகு வரும், நிழல் விழும் திசை மாறாது.